மாதா எங்கள் வீட்டில் தங்கிவிட்ட மழை

இன்று காலை உன் அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று மாலை மழையில் நனைந்த சட்டை. அலசிப் பிழிந்து ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டும் காலரும் கைமடிப்பும் காயவில்லை. பெட்டியை வைத்ததும் சொய்ங் என்று ஆவி கிளம்பியது. ஈரமும் சோப்பும் சூடும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், பின்னால் நீ நின்றுகொண்டு, "அண்ணி, காலரை மொதல்ல உள்பக்கமா போடுங்க" என்று சொல்லப்போகிறாய் என்று திரும்பிவிட்டேன். கதவோரத்தில் குடை சொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சட்டை பாதியில் கிடக்கிறது. கிடக்கட்டும். அவர் எங்கே போகப்போகிறார் இந்த மழையில்?

ஐப்பசி அடைமழை என்று சும்மாவா சொன்னார்கள். மந்தைவெளிப் பக்கம் வழக்கம்போல் ரோடு குளமாகிவிட்டது. பள்ளிகளுக்கு லீவு. நம் சந்து முனையில் ஆட்டோக்காரர்கள் வண்டிக்குள்ளேயே காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறார்கள். மழை கொஞ்சம் ஓய்ந்தால் சாந்தோம் கடல் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. எல்லாம் போன வருடம் மாதிரியேதான். எனக்கு அதுதான் கோபம். ஒரு வீட்டில் ஒருத்தி குறைந்துபோயிருக்கிறாளே, இந்த மழைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கொஞ்சம் மாற்றிப் பெய்தால் என்ன?

நீ பிப்ரவரியில் போனாய். அன்றிலிருந்து இந்த வீட்டு ஜெபத்தில் ஒரு நாள்கூட உன் பெயரை மரித்தவர்களோடு சேர்த்து நான் சொன்னதில்லை. பூசையில் சாமியார் படித்தார், கேட்டுக்கொண்டேன். கல்லறையில் கல்லில் வெட்டியிருக்கிறது, பார்த்துக்கொண்டேன். ஆனால் என் வாயால் சொல்ல வேண்டிய இடம் வரும்போது, உன் அப்பா பெயர், உன் அம்மா பெயர், என் அப்பா பெயர் வரைக்கும் வந்துவிட்டு இருமிக்கொள்வேன். உன் அண்ணன் எதுவும் கேட்க மாட்டார். அவர் எதைத்தான் கேட்டிருக்கிறார்? இருமல் நின்றதும் ஆமென் சொல்லிவிட்டு எழுந்துபோவார்.

முந்தாநாளும் நேற்றும் அந்த இருமல் எடுபடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் நேராக அங்கே போக எனக்கு மனம் வரவில்லை. முதலில் உன்னை வீட்டுக்கு வரவைத்துவிட்டு அப்புறம் சொல்கிறேன்.

நீ வந்ததும் ஒரு மழையில்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால். ஆதம்பாக்கத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவாய், கல்கல் பலகார டப்பாவைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலமே கிளம்பிவிடுவாய். உடம்பில் அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய்வர நம் வீடு பக்கம் என்று உன் அண்ணன் உன்னைக் கூட்டிவந்தார். ஒரு துணிப்பை, ஒரு தலையணை, ஒரு குக்கர். வாசலிலேயே சொன்னாய்:

"மழை விட்டதும் போயிடுவேன் அண்ணி. உங்களுக்குத் தொந்தரவு இல்லாம."

கீழ்வீட்டுக்காரம்மா அன்றே என்னிடம், "ஒரே ஒறையில ரெண்டு கத்தி, பாத்துக்கோங்க டீச்சர்" என்று எச்சரித்தாள். எனக்கும் உள்ளூரக் கலக்கம்தான். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். நான் நுழைந்தால் வராந்தாவே அமைதியாகிவிடும். நீ நாலு வயதுப் பிள்ளைகளோடு பாடி ஆடிப் பிழைத்தவள். நாத்தனார் உறவு வேறு. இரண்டு வாரத்தில் சண்டை வரும் என்று நினைத்தேன். வந்தது. தேங்காய்த் துருவலை ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் வைப்பது என்று. நீ ஜெயித்தாய். அதற்கப்புறம் நமக்குள் சண்டை வந்ததாக நினைவில்லை. மழை விட்டது, வெயில் வந்தது, மறுபடி மழை வந்தது. நீ போகவில்லை.

அந்த மறுபடி வந்த மழைதான் போன வருடத்து மழை.

அக்டோபர் நமக்கு ஜெபமாலை மாதம். நம் தெரு ஜெபக்குழுவான அன்பியத்தில் இருக்கிற வீடுகளுக்கு மாதா சுரூபம் வரிசையாக வரும். ஒரு சாயங்காலம் ஒரு வீடு. எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லி, சுண்டலும் டீயும் சாப்பிட்டுப் போவார்கள். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டுக்கு ஒரே ஒரு நாள்தான். உனக்கு அதுவே குறை. "ஒரு நாள்ல என்னத்தப் பேசறது அண்ணி? சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு வந்துட்டுப் போற மாதிரி இருக்கு" என்பாய்.

போன வருடம் மாதா நம் வீட்டுக்கு வந்த மறுநாள் விடியும்போதே வானம் உடைந்துவிட்டது. நமக்கு அடுத்த வீடு ஸ்டெல்லாவின் வீடு. அன்பியத்துக்குத் தலைவியும் அவள்தான். அவள் வீடு பள்ளத்தில் இருக்கிற தரைத்தளம். மத்தியானம் போன் செய்தாள். நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"அக்கா, மாதாவ அங்கியே வெச்சிக்கினு இருங்கக்கா. இங்க முழங்கால் தண்ணி. நாங்களே கட்டில் மேல ஏறி குந்திக்கினு கீறோம். மாதாவ எங்க ஒக்கார வெக்கிறது?"

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். போனை வைத்துவிட்டு மாதாவின் முன்னால் போய், "தங்கிட்டீங்களா? நல்லதாப் போச்சு" என்றாய்.

அப்போது நம் கூடத்தைப் பார்த்திருந்தால் யாரும் அதை மாதா தங்குகிற இடம் என்று சொல்ல மாட்டார்கள். ஜன்னல் கம்பியிலிருந்து கதவு ஆணி வரைக்கும் கொடி. அதில் உன் நைட்டி, என் பாவாடை, உன் அண்ணனின் கட்டம்போட்ட லுங்கி. சரியாக மாதாவின் தலைக்கு மேலே என் பாவாடை சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பதறியது. கழற்றப்போனேன். நீ கட்டிலில் உட்கார்ந்தபடியே தடுத்தாய்.

"விடுங்க அண்ணி. அவங்களும் புள்ள வளத்தவங்கதானே. ஈரத்துணி அவங்களுக்குத் தெரியாதா?"

இருந்தாலும் மனம் கேட்காமல் மாதாவை ஒரு முழம் தள்ளி வைத்தேன். அங்கே லுங்கி இருந்தது. பேசாமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

அன்று மாலைதான் உன் எல்.கே.ஜி. வேலையை எங்களிடம் காட்டினாய். மூன்று பேர் மட்டும் ஜெபமாலை சொல்லி முடித்ததும் நான் எழப்போனேன். "ஒக்காருங்க, பெல் அடிக்கல" என்றாய். உன் வகுப்பில் வீட்டுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் இன்றைக்கு எதற்கு நன்றி என்று ஒன்று சொல்ல வேண்டுமாம். சும்மா சொன்னால் செல்லாது, தொட்டுக் காட்ட வேண்டும். சாமி, வானம், அம்மாவின் அன்பு, உடம்பு சுகம், இதெல்லாம் கணக்கில் வராது. கைக்கு எட்டுகிற பொருள்தான்.

"பெருசு பெருசா சொன்னா பொய் சொல்லிடுவாங்க அண்ணி. தொடச் சொன்னா பொய் வராது."

நீ முதலில் எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டாய். "இந்தச் சொவரு. ஒழுகல." ஆதம்பாக்கத்து அறையில் மழைக்காலம் முழுக்க உன் தலைமாட்டில் ஒரு பக்கெட் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உன் அண்ணன் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு, ஸ்விட்ச் போர்டைப் போய்த் தொட்டார். கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேறு எதைத் தொடுவார்? "நிக்கல" என்றார், பெருமையோடு. நான் இட்லிப் பானையைத் தொட்டேன். "இது எதுக்கு?" என்றாய். "இன்னிக்கு அடி பிடிக்கல" என்றேன். நீ கைதட்டினாய். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஒருத்தி கைதட்டினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

அப்படியே அந்த மழை நீண்டது. ஸ்டெல்லா வீட்டில் தண்ணீர் வடியவில்லை, மாதா நம்மோடேயே இருந்தார். ஊசி போட்ட வாரம் உனக்குக் கெட்ட வாரம். அது முடிந்து அடுத்து வருவது நல்ல வாரம். மழை சரியாக உன் நல்ல வாரத்தில் வந்து நின்றது. ஆஸ்பத்திரி இல்லை. யாரும் பார்க்க வரவில்லை. யாருக்கும் நீ எப்படியிருக்கிறாய் என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்தில் நீ தலைக்குக் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சம்மணமிட்டு அவரைக்காய் நறுக்குவாய். நான் துணி தேய்ப்பேன். நீ மேற்பார்வை. உன் அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். வெளியே கொட்டும். வீட்டுக்குள் துணியின் ஆவியும் அரிசி வேகிற வாசனையும். ஒரு மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

அந்த நாட்களின் அருமை இப்போதுதான் தெரிகிறது என்று எழுதினால் அது பொய். அப்போதே தெரிந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு பயம். சந்தோஷமாக இருக்கும்போதே, இது போகும் என்றும் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம். கணக்கு டீச்சருக்குக் கூட்டுவதைவிடக் கழிப்பது சீக்கிரம் வரும் போலிருக்கிறது.

ரசத்துக்கு உப்பு போட்ட நாள் உனக்கு நினைவிருக்குமா? ஊசிக்குப் பிறகு உன் நாக்குக்கு ருசி போயிருந்தது. "எல்லாம் இரும்பு நக்குற மாதிரி இருக்கு" என்பாய். நான் எதைச் செய்துகொடுத்தாலும் நல்லா இருக்கு அண்ணி என்று சாப்பிடுவாய். பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். அன்றைக்கு ஸ்டெல்லாவிடம் போன் பேசிக்கொண்டே ரசத்தில் இரண்டு தரம் உப்பைப் போட்டுவிட்டேன். சாதத்தில் பிசைந்து வாயில் வைத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது, கடல் தண்ணி. உன் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு பி.பி. வேறு. அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போன நேரத்தில் நீ தட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுபோனாய்.

"அண்ணி! உப்பு! எனக்கு உப்பு தெரியுது!"

உன் முகத்தை அப்போது பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும் மாதாவும்தான். நீ இரண்டாம் முறை ரசம் கேட்டாய். தூக்கிக் குடித்தாய். உன் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? தட்டை நீட்டி, "எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றார். மூச்சுவிடாமல் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறிச் சமையலறைக்குப் போய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அன்று ஜெபம் முடிந்ததும் நீ உப்பு ஜாடியைத் தூக்கி வந்து மாதாவின் முன்னாலேயே வைத்துவிட்டாய். அதற்கப்புறம் உனக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் ரசம் எடுத்து அதில் மட்டும் அள்ளிப் போடுவேன்.

மழை ஓய்கிற மாதிரி இருந்த ஒரு மத்தியானம். நீ நறுக்குவதை நிறுத்திவிட்டு, கத்தியைத் தட்டில் வைத்தாய்.

"அண்ணி, ஆதம்பாக்கம் ரூமைக் காலி பண்ணிடலாம்னு பாக்கறேன்."

இஸ்திரிப் பெட்டி என் கையில் இருந்தது. நீ ஏன் அதைச் சொல்கிறாய் என்று புரிந்தது. முந்தின வாரம்தான் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். டாக்டர் உன்னிடம்தான் நேராகச் சொன்னார், எங்கள் முன்னாலேயே. வீட்டுக்கு வந்து நாம் மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"இப்ப என்ன அவசரம்? மழை விடட்டும்" என்றேன்.

"மழை விட்டா போயிடறேன்னுதானே சொல்லிட்டு வந்தேன்? போறதுக்கு எடமே இல்லாம பண்ணிட்டா, அப்புறம் நீங்க போகச் சொல்ல முடியாதுல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் திட்டினேன். என்ன திட்டினேன் என்று நினைவில்லை, நாக்கு குழறியது மட்டும் நினைவிருக்கிறது. நீ கட்டிலிலிருந்து எட்டி என் முழங்கையைப் பிடித்தாய். பிடித்தபடியே, "இன்னைக்கு எனக்கு இதுதான். சாயங்காலம் கேக்காதீங்க" என்றாய். சட்டையில் பெட்டி நின்று பழுப்புத் தடம் விழுந்துவிட்டது. உன் அண்ணன் இன்னும் அதைப் போட்டுக்கொள்கிறார், கையை மடித்து.

பிறகு தண்ணீர் வடிந்தது. மாதாவை ஸ்டெல்லா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீ படியிறங்க முடியாமல் மேலேயே நின்று கையசைத்தாய். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் மாவைப் படுத்துக்கொண்டே உருட்டினாய். ஜனவரியில் உருட்டவும் முடியவில்லை. பிப்ரவரியை நான் எழுதப்போவதில்லை. நீ அங்கே இருந்தாய், உனக்குத் தெரியும்.

சரி, முந்தாநாளுக்கு வருகிறேன்.

முந்தாநாள் மாதா நம் வீட்டுக்கு வரும் முறை. வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். துக்கத்துக்கு ஒரு வருடம் ஆகவில்லை என்று சொன்னால் ஸ்டெல்லா கேட்டுக்கொள்வாள். உன் அண்ணனிடம் கேட்டேன். "வரட்டும்" என்றார். அவ்வளவுதான். கொடியைக் கழற்றிவிட்டுக் கூடத்தைத் துடைத்தேன். பட்டாணி சுண்டல் செய்தேன். சாயங்காலம் ஆனதும் மாடிப்படி நெடுக ஈரச் செருப்பு. குடைகளைக் குளியலறையில் நிறுத்தினோம். கட்டிலில்கூட ஆட்கள். உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லாமலேயே விட்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர்தான் ஜெபக் கருத்துகளைச் சொல்ல வேண்டும், தெரியுமே. திருச்சபைக்காக, பங்குக்காக, நோயாளிகளுக்காக, மரித்தவர்களுக்காக. மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். இந்த முறை இருமக் கூடாது, உன் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். எழுந்து நின்றேன். திருச்சபைக்காக. பங்குக்காக. "நோயாளிகளுக்காக, குறிப்பாக..." என்று தொடங்கினேன். ஒன்றரை வருடம் தினமும் இந்த வீட்டில் சொன்ன வரி அது. வாய் தன் பாட்டுக்குப் போனது. உன் பெயரைச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு விடவில்லை, "பூரண சுகம் பெற வேண்டுமென்று" என்றும் முடித்துவிட்டேன்.

காதில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டெல்லா குனிந்துகொண்டாள். திருத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று திருத்துவது? மன்னிக்கவும், அவள் நோயாளி இல்லை, அவளுக்கு இனி சுகம் வேண்டாம் என்றா? அப்போது பின்னால் யாரோ ஒருவர் தொடங்க, எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." எப்போதும் சொல்கிற மாதிரியே, ஒரு சொல் குறையாமல். நீ உள் அறையில் படுத்திருப்பதைப் போல. அந்தப் பதிலை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். மரித்தவர்களுக்காக என்கிற அடுத்த வரியை நான் சொல்லவேயில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லாவே எடுத்து நடத்தினாள்.

எல்லோரும் போன பிறகு உன் அண்ணன் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். உன் விளையாட்டுக்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது.

"எனக்கு எதுவும் இல்ல. எதைத் தொடச் சொல்றீங்க? ஒரு நன்றியும் கிடையாது என்கிட்ட" என்று கத்தினேன். மாதாவுக்குக் கேட்கட்டும் என்றேதான் கத்தினேன்.

அவர் மிச்சமிருந்த சுண்டலை டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நேற்று மாலை மாதாவை ஸ்டெல்லா வீட்டில் விட வேண்டும். தூறல்தான் என்று கிளம்பினோம். சந்து திரும்புவதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. உன் அண்ணன் சுரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டார், நான் குடையைப் பிடித்தேன். மாதா நனையாமல் போய்ச் சேர்ந்தார், இவர் முழுக்க நனைந்தார். ஸ்டெல்லா துண்டு கொடுத்தாள். அவர் துடைத்துக்கொள்ளாமல் ஒரு மூலையில் நின்றுகொண்டார்.

அங்கே ஸ்டெல்லா சொல்ல, மற்றவர்கள் அவரவர் பெயர்களைச் சேர்க்கிற வழக்கம். நோயாளிகளுக்காக என்றபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடந்துபோனது. மரித்த விசுவாசிகளுக்காக என்றாள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்தோணியம்மாள். சவரிமுத்து. எங்க அப்பா மிக்கேல். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு மூச்சுவிடுகிற நேரம்தான் இருக்கிறது. உன்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட என்னால் முடியவில்லை. இருமக்கூட வரவில்லை. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், முடித்துவிடவும் மனம் இல்லாமல்.

அப்போது மூலையிலிருந்து உன் அண்ணனின் குரல் வந்தது. ஜெபத்தில் ஆமெனைத் தவிர வேறு எதையும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"எங்க பாப்பா" என்றார்.

ஞானஸ்நானப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு அது வாயில் வரவில்லை. நீ பிறந்த அன்றைக்கு எட்டு வயதுப் பையனாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றவருக்கு, நரைத்த தலையோடு நீ நம் வீட்டுக்கு வந்தபோதும் நீ அதுதான். போனில் அதுதான், ஆட்டோவில் ஏற்றும்போது அதுதான், கடைசியாகக் காதில் சொன்னதும் அதுதான். வெளியாட்கள் முன்னால் சொன்னதில்லை. நேற்று ஊரறியச் சொன்னார். எல்லோரும் பதில் சொன்னார்கள். அவருடைய சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி ஸ்டெல்லாவின் தரை நனைந்துகொண்டிருந்தது.

ஆக, நான் செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டார். இனி நீ அந்த வரியில்தான். இன்று மாலை நானும் சொல்வேன், சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லோரையும் போல நானும் உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட உன்னைப் பாப்பா என்று நான் கூப்பிட்டதில்லை. அது அண்ணன் தங்கைக்கு நடுவில் இருக்கிற சொல், அதில் எனக்குப் பங்கில்லை என்று நினைத்திருந்தேன். நேற்றிலிருந்து எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது இந்த ஒரு சொல்தான் என்று தோன்றுகிறது. கொடுத்துவிடு.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். சின்னப் பெண். உன்னை அவளுக்குத் தெரியாது. எங்களையும் தெரியாது. அவள் கண் கலங்கியிருந்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்:

"பாப்பாவுக்கு இன்னா வயசுக்கா?"

நான் விளக்கியிருக்கலாம். என் கணவரின் தங்கை, டீச்சராக இருந்தாள் என்று இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும்.

"அம்பத்திரெண்டு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குடையை விரித்து, நனைந்துகொண்டிருந்த என் தோளுக்கு மேலே பிடித்தாள்.

"சின்ன வயசுதான்க்கா" என்றாள்.

ஆமாம் பாப்பா. சின்ன வயசுதான்.